வைஸ், அரம், ஆக்சா: வீட்டுப் பட்டறையில் முதல் ஐந்து வேலைகள்

இரும்பு வேலை பழக வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலரும் முதலில் வாங்குவது ஆங்கிள் கிரைண்டர். அடுத்த மாதம் வெல்டிங் மிஷின். இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் தொடங்குகிறவருக்கு அவசரம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேருகிறவர்களை ஆரம்பத்தில், பொருளை இரு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் வைஸ் முன்னால் நிறுத்தி, கோடு இழுக்கவும் இரும்பறுக்கும் வாளான ஆக்சாவால் அறுக்கவும் அரம் போடவும்தான் பழக்குகிறார்கள். அளவுக்கு வேலை செய்யும் கை அங்கேதான் உருவாகிறது. அது வராமல் மிஷினைத் தொட்டால், தப்பான அளவை வேகமாக வெட்டிவிட்டு நிற்போம்.

கீழே ஐந்து சின்ன வேலைகள் சொல்கிறேன். முதலில் செய்வது அடுத்ததைச் செய்ய உதவும். வரிசையை மாற்ற வேண்டாம்.

இடமும் வைஸும்

மொட்டை மாடி அறை, கார் நிறுத்தும் இடம், பின்பக்கத் தாழ்வாரம் எதுவானாலும் சரி, மேசை ஆடக் கூடாது. மேசை ஆடினால் அரமும் ஆடும், முகம் தட்டையாக வராது. 50 மி.மீ. தடிமனுள்ள பலகை, இரும்பு ஆங்கிளில் கால்கள், முடிந்தால் சுவரோடு சேர்த்து போல்ட். வைஸின் தாடை மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். தாழ்வாக இருந்தால் முதுகு போய்விடும், உயர்ந்திருந்தால் தோள்.

வீட்டுக்கு 100 மி.மீ., அதாவது 4 அங்குலத் தாடையுள்ள பென்ச் வைஸ் போதும். அதை மேசை ஓரத்தில் பொருத்தும்போது நகராத தாடை மேசை விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டியபடி இருக்கட்டும். அப்போதுதான் நீளமான கம்பியையோ பட்டையையோ நேராக நிறுத்திப் பிடிக்க முடியும். போல்ட் துளை போட்டபின் இதை மாற்றுவது பெரிய தொல்லை, அதனால் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை: ஆக்சா ஃபிரேமும் பிளேடுகளும், 250 மி.மீ. தட்டை அரத்தில் பாஸ்டர்ட் (சொரசொரப்பான பல்) ஒன்றும் செகண்ட் கட் (நடுத்தரப் பல்) ஒன்றும், 150 மி.மீ. ஸ்மூத் (நைசான பல்) ஒன்று, ஒரு வட்ட அரம், மூலைமட்டம், ஸ்டீல் ஸ்கேல், இரும்பில் கோடு கீறும் ஸ்க்ரைபர், பால்பீன் சுத்தியல், வெர்னியர் காலிப்பர், டிரில் மிஷினும் அதை நிறுத்தும் ஸ்டாண்டும். பணத்தை அரத்திலும் டிரில் பிட்டிலும் தாராளமாகப் போடுங்கள். மலிவான பிட் இரும்பின் மேல் சுற்றிச் சூடேற்றுமே தவிர வெட்டாது. எல்லா அரத்துக்கும் மரக் கைப்பிடி போட்டாக வேண்டும். பிடி இல்லாத அரத்தின் கூர்வால் உள்ளங்கையில் இறங்கிவிடும்.

இரும்புக்கு ஊரில் உள்ள இரும்புக் கடையே போதும். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண மென் இரும்பு) பட்டை மீட்டருக்கு சுமார் 600 கிராம் எடை வரும், அதை வைத்து விலையைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடைகளிலும் நல்ல துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். போகும்போது ஒரு பழைய அரத்தைப் பையில் எடுத்துப் போங்கள். ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, அரம் கடிக்காமல் வழுக்கினால் அந்தத் துண்டு உங்களுக்கு ஆகாது. லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை போன்ற ஸ்பிரிங் ஸ்டீலாக இருக்கலாம்.

உடை பற்றி ஒரு வார்த்தை. லுங்கி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கயிறு எதுவும் சுற்றுகிற மிஷினுக்குப் பக்கத்தில் வேண்டாம். காலில் செருப்பு போதாது, மூடிய ஷூ வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும். டிரில் ஓடும்போது கையுறை போடாதீர்கள். பிட் கையுறை நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துச் சுற்றும்.

முதல் வேலை: வைஸ் தாடைக்கு அலுமினியக் கவசம்

வைஸின் தாடையில் வரி வரியாகப் பல் வெட்டியிருக்கும். அதில் பிடித்த எந்தப் பொருளிலும் தடம் விழும். ஜன்னல் ஃபேப்ரிகேஷன் கடையில் மிச்சம் கிடக்கும் 40 மி.மீ. அலுமினிய ஆங்கிளில் தாடை நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒரு பக்கம் தாடையின் முகத்திலும் மறுபக்கம் தாடையின் தலையிலும் உட்காரும்படி வைத்தால் முடிந்தது.

வேலை சின்னது, ஆனால் அறுப்பது இங்கேதான் பழகும். ஆக்சா பிளேடின் பற்கள் முன்னோக்கி, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள், தள்ளும்போதுதான் அது வெட்டும். அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று பிளேடு வரும். வெட்டும் தடிமனில் எப்போதும் மூன்று பல்லாவது பதிந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கனமான இரும்புக்கு 18, பொது வேலைக்கு 24, மெல்லிய தகட்டுக்கும் குழாய்க்கும் 32. நிமிடத்துக்கு 40, 50 இழுப்புக்கு மேல் போக வேண்டாம். வேகம் கூடினால் பல் சூடேறி மழுங்கும். பிளேடின் முழு நீளத்தையும் ஓட விடுங்கள், நடுவில் மட்டும் குறுகக் குறுக அறுக்கிறவர்கள்தான் அதிகம்.

அறுத்ததும் ஓரத்தில் பிசிறு நிற்கும். அது கையைக் கிழிக்கும், அளவையும் கெடுக்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும், ஒவ்வொரு துளைக்குப் பிறகும் பிசிறு எடுப்பது பழக்கமாகட்டும். அலுமினியம் அரத்தின் பல்லுக்குள் அடைத்துக்கொள்ளும். வேலைக்கு முன் அரத்தில் சாக்பீஸ் தேய்த்தால் அடைப்பு குறையும், அடைத்ததைக் கம்பி பிரஷ் வைத்துப் பல் போகும் வரிசையிலேயே எடுங்கள்.

இரண்டாவது: சுவர்க் கொக்கி

25×3 பட்டையில் 170 மி.மீ. துண்டு ஒன்று. சுவரில் ஒட்டும் முதுகு 90, வெளியே நீளும் தளம் 50, மேலே நிமிரும் உதடு 30. பை, ஹெல்மெட், ஈரத் துண்டு மாட்ட இது ஆயுளுக்கும் உழைக்கும்.

கடையில் வாங்கிய பட்டையின் மேல் கருநீலத் தோல் ஒன்று இருக்கும். சூட்டில் உருட்டும்போது வரும் ஆக்சைடு அது, கீழிருக்கும் இரும்பைவிடக் கடினமானது. அதன் மேல் நேராகப் புது அரத்தை ஓட்டினால் அரம் சீக்கிரம் மழுங்கிப்போகும். பட்டையை ஒரு இரவு வெள்ளை வினிகரில் ஊற வைத்து, காலையில் தேய்த்துக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். தோல் போய்ச் சாம்பல் நிற இரும்பு தெரியும். அவசரமென்றால் பழைய அரத்தால் மேல்தோலை எடுத்துவிட்டுப் புது அரத்துக்கு வாருங்கள்.

அப்புறம் கோடு. வெறும் இரும்பில் ஸ்க்ரைபர் கோடு சரியாகத் தெரியாது. தடித்த மார்க்கரால் நிறம் பூசி அதன் மேல் கீறலாம். பழைய முறை மயில்துத்தக் கரைசல். உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்த இரும்பில் தடவினால், மெல்லிய செம்புப் படலம் பிடிக்கும். அதில் கீறும் கோடு பளிச்சென்று நிற்கும், கை பட்டால் அழியாது. எனக்கு இன்றும் இதுதான் பிடிக்கும். மயில்துத்தம் விஷம், அதனால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். துளைக்கும் வெளி ஓரத்துக்கும் ஸ்க்ரைபர் கோடு சரி. மடிக்கும் இடத்துக்குப் பென்சில் கோடுதான். மடிப்பின் வெளிப்பக்கத்தில் கீறல் இருந்தால் இரும்பு விரியும்போது அங்கிருந்து விரிசல் தொடங்கக்கூடும்.

துளைகளை மடிப்பதற்கு முன் போட்டுவிடுங்கள். முதுகில் மேலே ஒன்று, கீழே ஒன்று, 8-ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு 5 மி.மீ. துளை. பிட் வழுக்காமல் நிற்கத் துளையின் மையத்தில் முதலில் ஒரு சின்னக் குழி அடிக்க வேண்டும்; இதற்குக் கடையில் வாங்கிய ஒரு சாதாரண பஞ்ச் போதும், நல்லதை அடுத்த வேலையில் செய்வோம். பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் பட்டையைக் கவ்விச் சுழற்றிவிடும். கீழே மரத்துண்டு வைத்து, வைஸிலோ கிளாம்ப்பிலோ இறுக்குங்கள். சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு எம்.எஸ். இரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று எடுத்தால், 5 மி.மீ. பிட்டுக்கு சுமார் 1,600 சுற்று, 10 மி.மீ. பிட்டுக்கு 800 சுற்று. பிட் பெரிதாகப் பெரிதாகச் சுற்று குறைய வேண்டும். வீட்டில் பிட் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: மிஷினை முழு வேகத்தில் விட்டுவிட்டு, மெதுவாக அழுத்துவது. சுற்றைக் குறையுங்கள், அழுத்தத்தைக் கூட்டுங்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

மடிக்கும்போது முதலில் உதட்டை, அப்புறம் தளத்தை. பென்சில் கோடு தாடையின் விளிம்போடு பொருந்தும்படி இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கையால் சாய்த்து, பிறகு மடிப்புக்கு மிக அருகில் சுத்தியலால் தட்டுங்கள். நுனியில் தட்டினால் பட்டை வில்லாக வளையும், மூலை வராது. இரண்டாவது மடிப்பில் உதடு வைஸின் உடம்பில் இடிக்கும். அப்போது ஒரு தடித்த சதுரக் கம்பியைப் பட்டையோடு சேர்த்து, தாடைக்கு மேல் நீட்டியபடி இறுக்கி, அந்தக் கம்பியின் விளிம்பில் மடிக்க வேண்டும். உள் அளவு துல்லியமாக வேண்டுமென்றால், உள் அளவுகளைக் கூட்டி, மடிப்பு ஒன்றுக்குத் தடிமனில் பாதி சேர்த்து வெட்டுங்கள். 3 மி.மீ. பட்டைக்கு மடிப்புக்கு ஒன்றரை மி.மீ.

மூலைகளை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, தின்னர் துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல். பெயின்டுக்கு முன் எண்ணெய்ப் பசை போகவில்லையென்றால் ஆறு மாதத்தில் தோலாக உரியும்.

மூன்றாவது: சென்டர் பஞ்ச்

இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஸ்டீல் எப்படிக் கெட்டியாகிறது, எப்படிப் பதத்துக்கு வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் இதே அறிவுதான்.

8 மி.மீ. சில்வர் ஸ்டீல் (கார்பன் அதிகமுள்ள ஸ்டீல்) கம்பியில் 100 மி.மீ. துண்டு வாங்குங்கள். சாதாரண எம்.எஸ். கம்பி இதற்கு ஆகாது, அதில் கார்பன் போதாது, எவ்வளவு சூடாக்கித் தண்ணீரில் முக்கினாலும் கெட்டியாகாது.

நுனியைக் கூம்பாக்க லேத் (கடைசல் மிஷின்) வேண்டியதில்லை. கம்பியை டிரில் சக்கில் (பிட்டைப் பிடிக்கும் வாய்) மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, மெதுவான வேகத்தில் சுற்றவிட்டு, கைப்பிடி போட்ட அரத்தை 45 பாகையில் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் 45 என்றால் மொத்தம் 90 பாகைக் கூம்பு கிடைக்கும், அதுதான் சென்டர் பஞ்ச்சுக்கு உரியது. அட்டையில் 90 பாகை வெட்டு ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, அடிக்கடி நிறுத்திச் சரிபாருங்கள். அடிவாங்கும் மறுமுனையின் ஓரத்தைச் சாய்வாக அரத்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடிக்க அடிக்கத் தலை காளான் மாதிரி விரிந்து, ஒருநாள் சில்லு தெறிக்கும். கூம்பு முனையை எமரி தாளால் பளபளப்பாக்கிவிட்டு நெருப்புக்குப் போகலாம்.

வெட்டவெளியில், செங்கற்களால் சின்ன அடைப்புக் கட்டி, கேஸ் டார்ச்சால் நுனியில் 25 மி.மீ. அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். நிழலில் செய்தால்தான் நிறம் தெரியும், நண்பகல் வெயிலில் சிவப்பே தெரியாமல் அதிகச் சூடாக்கிவிடுவோம். செர்ரிச் சிவப்பு வந்ததும் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாத நிலைக்கு வந்தபின் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, தாமதிக்காமல், செங்குத்தாக, நுனி முதலில் இறங்கும்படி தண்ணீரில் முக்கி அசையுங்கள். படுக்கவைத்து முக்கினால் கோணும்.

இப்போது நுனியில் அரத்தை ஓட்டினால் வழுக்கும். கெட்டியாகிவிட்டது, ஆனால் உடையும் தன்மையும் கூடவே வந்துவிட்டது. இந்த நிலையில் அடித்தால் முனை தெறித்துவிடும், எனவே பதப்படுத்தாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். நுனியை எமரியால் மறுபடி பளபளப்பாக்கி, இந்த முறை நெருப்பை நுனியில் காட்டாமல் நடுக்கம்பியில், மெதுவாகக் காட்டுங்கள். பளபளப்பில் நிறங்கள் ஓடத் தொடங்கும். முதலில் இளவைக்கோல் நிறம், அப்புறம் அடர்வைக்கோல், பழுப்பு, ஊதா, நீலம். இளவைக்கோல் 220, 230 டிகிரியை ஒட்டி வரும், நீலம் 300-ஐ ஒட்டி. அடர்வைக்கோல் நிறம் நுனியைத் தொடும் நேரத்தில், ஏறத்தாழ 250 டிகிரி, தண்ணீரில் முக்கிவிடுங்கள். சில நொடிகளில் நடப்பது இது. தண்ணீர் வாளி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நிறம் கடந்து நீலத்துக்குப் போய்விட்டால் கவலை வேண்டாம், மறுபடி செர்ரிச் சிவப்பிலிருந்து தொடங்கலாம். அடிவாங்கும் தலை கெட்டியாகாமல் மென்மையாகவே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. போல்ட், துத்தநாகம் பூசிய எதையும் நெருப்பில் காட்டாதீர்கள். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும்.

நான்காவது: பேரலல் கிளாம்ப்

இரண்டு தாடை, இரண்டு போல்ட். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் அளவு, அரம், துளை, மரை நான்கையும் ஒரே பொருளில் கேட்கும். செய்து முடித்தால் சின்னத் துண்டுகளைத் துளை போடப் பிடிக்க வருடக்கணக்கில் உதவும்.

12 மி.மீ. சதுர எம்.எஸ். கம்பியில் 75 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு. கிடைத்தால் பிரைட் கம்பி வாங்குங்கள், அதில் கருந்தோல் இருக்காது, பக்கங்களும் ஓரளவு சரியாக இருக்கும். முதலில் ஒவ்வொரு துண்டிலும் உட்பக்க முகம் ஒன்றைத் தட்டையாக்க வேண்டும்.

அரம் போடுவது இங்கேதான் சோதனைக்கு வருகிறது. அரம் முன்னே போகும்போது மட்டும் வெட்டும், திரும்பும்போது அழுத்தாமல் லேசாகத் தூக்குங்கள். தொடக்கத்தில் அரத்தின் நுனியைப் பிடித்த கையில் அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டு கையிலும் சமம், முடிவில் கைப்பிடியைப் பிடித்த கையில் அதிகம். இந்த மாற்றம் கைக்கு வராதவரை அரம் ஊஞ்சலாடும், முகம் நடுவில் மேடாகும். இடது காலை முன்வைத்து, கையால் மட்டும் தள்ளாமல் உடம்பும் சேர்ந்து நகரட்டும். ஒரு சாய்வில் பத்து இழுப்பு, எதிர்ச்சாய்வில் பத்து இழுப்பு. கோடுகள் குறுக்கே விழும்போது எந்த இடத்தில் அரம் படவில்லை என்று தானே காட்டிக்கொடுக்கும். மூலைமட்டத்தின் அலகை முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஒளி கசியும் இடம் பள்ளம், கசியாத இடம் மேடு. மேட்டில் மட்டும் அரம் போடுங்கள். கடைசியில் ஸ்மூத் அரத்தைக் குறுக்காக இரு கையாலும் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் கோடுகள் ஒரே திசைக்கு வரும்.

இதற்கு ஒரு மாலை முழுதும் போகலாம். போகட்டும். இந்த ஒரு திறமை வந்துவிட்டால் மற்றதெல்லாம் வேகமாக வரும்.

இப்போது கோடு. இரு துண்டையும் அடுக்கி வைத்து, நுனியிலிருந்து 37 மி.மீ.யில் ஒரு துளை மையம், பின்முனையிலிருந்து 10 மி.மீ.யில் இன்னொன்று. மேல் துண்டுக்கு அ என்றும் கீழ்த் துண்டுக்கு ஆ என்றும் பஞ்ச்சால் அடையாளமிடுங்கள். ஆ துண்டில் இரண்டு துளையிலும் எம்6 மரை, அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கான மரை வரும். அ துண்டில் நடுத்துளை போல்ட் தாராளமாக நுழையும் துளை, பின்துளை முழுக்கப் போகாத குழி.

இரண்டையும் சேர்த்து வைஸில் இறுக்கி, நடுத்துளையை 5 மி.மீ. பிட்டால் இரண்டிலும் ஒரே தடவையில் துளையுங்கள். 24 மி.மீ. ஆழம் என்பதால் சில மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துச் சீவலை விடுவிக்க வேண்டும். அப்புறம் ஜோடியைப் பிரிக்காமல் திருப்பி, ஆ பக்கத்திலிருந்து பின்துளையைப் போட்டு, அ துண்டில் 4 மி.மீ. மட்டும் இறங்குங்கள். சேர்த்துத் துளைத்ததால் மையங்கள் தாமாகவே பொருந்தும், தனித்தனியாகப் போட்டால் அந்தப் பொருத்தம் கிடைப்பது கடினம். பிரித்தபின் அ துண்டின் நடுத்துளையையும் குழியையும் 6.5 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். நடுத்துளையை வட்ட அரத்தால் நீளவாக்கில் கொஞ்சம் இழுத்துவிட்டால் தாடை சாயும்போது போல்ட் முட்டாது.

மரைக்கு முன் போடும் துளைக்கு எளிய கணக்கு இருக்கிறது: போல்ட் விட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழித்துவிட வேண்டும். எம்6-க்கு இடைவெளி 1, எனவே 5 மி.மீ. எம்5-க்கு 4.2, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. துளைக்குள் மரை வெட்டும் கருவிக்கு டேப் என்று பெயர், அதை மூன்று டேப் கொண்ட செட்டாக வாங்குங்கள். நுனி நீளமாகச் சரிந்திருப்பது முதலில், சரிவு குறைந்தது இரண்டாவது, சரிவே இல்லாததுபோல் இருப்பது கடைசியில். டேப் நேராக இறங்குவதுதான் முக்கியம். டிரில் ஸ்டாண்டில் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கில் டேப்பை மாட்டி, சக்கைக் கையால் சுற்றி முதல் மூன்று நான்கு சுற்று இறக்கினால் நேராகப் பிடித்துக்கொள்ளும். பிறகு டேப் பிடியால் தொடருங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே சுற்றும்போது சீவல் முறியும் சின்ன உணர்வு கையில் தெரியும். கட்டிங் ஆயில் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய்கூட நன்றாக உதவும். டேப் இறுகினால் பலம் போடாதீர்கள், பின்னே எடுத்துச் சீவலை பிரஷ்ஷால் துடையுங்கள். உள்ளே முறிந்த டேப்பை வீட்டுக் கருவிகளால் எடுப்பது மிகக் கடினம். வாயால் ஊதவும் வேண்டாம், சீவல் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

முன்நுனியின் வெளிப்பக்கத்தை 25 மி.மீ. நீளத்துக்குச் சாய்வாக அரம் போட்டு, முனையில் 4 மி.மீ. தடிமன் மட்டும் விடுங்கள். நெருக்கமான இடத்தில் நுழைய இது வேண்டும். முழு மரையுள்ள எம்6, 60 மி.மீ. போல்ட் இரண்டு. நடுப் போல்ட் அ பக்கத்திலிருந்து நுழைந்து ஆ-வின் மரையில் ஏறும். பின் போல்ட் ஆ பக்கத்திலிருந்து மரையில் ஏறி, அதன் நுனி அ-வின் குழியில் உட்காரும், அந்த நுனியை அரத்தால் உருட்டிவிடுங்கள். வேலை செய்யும்போது நடுப் போல்ட்டால் தாடையைப் பொருளுக்குச் சமமாகக் கொண்டுவந்து, பின் போல்ட்டால் இறுக்க வேண்டும். பின்பக்கம் விலக விலக முன்பக்கம் கவ்வும். எம்6 போல்ட்டின் தலைக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தாடைக்குள் ஒரு தட்டைத் துண்டை வைத்து, நுனியில் ஒரு காகிதக் கீற்றும், சற்று உள்ளே இன்னொரு கீற்றும் சேர்த்து இறுக்குங்கள். இரண்டும் இழுத்தால் வரக் கூடாது. ஒன்று மட்டும் வந்தால் முதலில் போல்ட்களைச் சரிசெய்து பாருங்கள், அதற்கும் வரவில்லையென்றால் அரத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

போல்ட் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். நம் ஹார்டுவேர் கடைகளில் கால் அங்குல விட்வொர்த் போல்ட் இன்னும் புழங்குகிறது. பார்க்க எம்6 போலவே இருக்கும், ஆனால் விட்டம் 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை. எம்6 மரையில் அதைப் பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் கெடும். ஒரு எம்6 நட்டைச் சட்டைப்பையில் கொண்டுபோய், விரலாலேயே முழுதும் ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஐந்தாவது: வாணலிக் கைப்பிடிக்கு ரிவிட்

சமையலறையில் ஆடும் கைப்பிடி இல்லாத வீடு குறைவு. முதலில் பாத்திரம் எதனால் ஆனது என்று பாருங்கள். வார்ப்பிரும்புத் தோசைக்கல், வார்ப்பிரும்பு வாணலி என்றால் சுத்தியல் கூடாது, விரிசல் விடும். அதற்கு போல்ட்டும் நட்டும்தான். தகட்டு இரும்பு, அலுமினியம் என்றால் ரிவிட் அடிக்கலாம். இரும்புக்கு இரும்பு ரிவிட், அலுமினியத்துக்கு அலுமினிய ரிவிட். துத்தநாகம் பூசிய ரிவிட் சமையல் பாத்திரத்தில் வேண்டாம், புளிக்குழம்பில் துத்தநாகம் கரையும்.

பழைய ரிவிட்டின் தலை நடுவில் நீங்கள் செய்த பஞ்ச்சால் ஒரு குழி அடித்து, டிரில்லால் தலையை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பின்பக்கம் தட்டி வெளியேற்றுங்கள். புது ரிவிட்டின் தண்டு நீளம்: சேரும் தகடுகளின் மொத்தத் தடிமன், அதோடு ரிவிட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு. 5 மி.மீ. ரிவிட்டுக்குத் தடிமனுக்கு மேல் ஏழரை மி.மீ. நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் தலை முழுதாக வராது, கூடினால் தண்டு வளைந்து விழும். தலையைக் கனமான இரும்புக் கட்டியின் மேல் அழுத்தி வைத்து, முதல் சில அடிகள் நேராக, தண்டு துளைக்குள் பருத்து நிறையும்படி. அப்புறம் பால்பீனின் உருண்டைப் பக்கத்தால் சுற்றிச் சுற்றித் தட்டித் தலையை உருட்டுங்கள். இரண்டு ரிவிட் இருந்தால் ஒன்றை முழுதாக முடிக்காமல், இரண்டையும் பாதி அடித்து, கைப்பிடி நேராக இருப்பதைப் பார்த்துவிட்டு முடியுங்கள்.

கிரைண்டரும் லேத்தும்

இந்த ஐந்தும் முடிந்தபின் ஆங்கிள் கிரைண்டர் வாங்குவது நியாயம். 100 மி.மீ. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டி ஓடும். டிஸ்க்கில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று மிஷினின் சுற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களை எங்கும் பார்க்கலாம், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவும் கூடாது. பொறி பறக்கும் திசையில் கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர் துணி, ஜன்னல் கண்ணாடி எதுவும் இருக்க வேண்டாம். கண்ணாடியிலும் டைல்ஸிலும் பொறி ஒட்டிக்கொண்டால் பிறகு துருப்புள்ளியாக நிற்கும், தேய்த்தாலும் போகாது.

லேத் வேண்டுமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். நம் ஊர்களில் பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு லேத் பட்டறை இருக்கும், அதனால் அவசரம் இல்லை. கதவுக் கீலுக்கு ஒரு புஷ், மிதிவண்டிக்கு ஒரு ஸ்பேசர் என்று தேவைப்படும்போது படம் வரைந்து கொண்டுபோங்கள். வெளிவிட்டம், உள்விட்டம், நீளம் மூன்றும் மி.மீ.யில். எந்த உலோகம் என்று எழுதுங்கள். உள்ளே போகும் ஷாஃப்ட்டைக் கையோடு எடுத்துப்போய், அது வழுக்கி ஓட வேண்டுமா, தட்டி இறுக ஏற வேண்டுமா என்று கடைசல் போடும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு அளவைவிட அந்தத் தகவல்தான் அதிகம் தேவைப்படும்.